பீடி சுற்றும் அம்மாவுக்கு ‘நஞ்சு முறிக்கும்’ மாத்திரை தேவையா?

ஆலங்குளத்தான் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா பீடி சுற்றுகிறார். ஊர் ஆலங்குளத்துக்குப் பக்கம். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். போன முறை ஊருக்கு வந்தபோது சாமி படத்துக்கு அருகில் புதிதாக ஒரு பெரிய டப்பா இருந்தது. ஆன்டிஆக்ஸிடென்ட் மாத்திரையாம். விலை 2,400 ரூபாய். பாதியைக் கொடுத்தாயிற்று, மீதியை அடுத்த வாரச் சம்பளத்தில் கொடுக்க வேண்டுமாம். ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கூலி வரும் என்று இங்கே பலருக்கும் தெரியும். எனக்கு வயிறு எரிந்தது.

விற்றவர் பக்கத்துத் தெரு மதினி. ஆள் சேர்த்து விற்கும் ஏதோ ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். நல்ல மனுஷிதான். வீட்டுக்கு வந்து எனக்கும் வகுப்பு எடுத்தார். புகையிலைத் தூள் இத்தனை வருடமாக இரத்தத்தில் நஞ்சாகச் சேர்ந்து கிடக்கிறதாம், செல்கள் எல்லாம் அதனால் சேதப்பட்டு நிற்கின்றனவாம், மூலிகைச் சத்து உள்ளே போய் நஞ்சைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளிவிடுமாம். கையில் வண்ணப் படம் போட்ட அட்டை வேறு. அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்.

டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். ஒரு மாத்திரையில்: மஞ்சள் சாறு 500 மி.கி. (குர்குமின் 95 சதவீதம்), மிளகுச் சாறு 5 மி.கி., பச்சைத் தேயிலைச் சாறு 250 மி.கி., சீந்தில் சாறு 100 மி.கி., பீட்டா கரோட்டின் 10 மி.கி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, வெறும் வயிற்றில்.

அம்மாவுக்கு 54 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாகச் சீக்கிரம் களைத்துப்போகிறார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வேடிக்கை என்னவென்றால் அப்பாவும் அந்த டப்பாவில் கைவைக்கத் தொடங்கிவிட்டார். அவர் பீடி குடிப்பவர். “இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாதாம்” என்கிறார்.

தாவரச் சத்து செல்லை நஞ்சிலிருந்து காப்பாற்றும் என்பது உண்மையா, கதையா? மாத்திரைக்குப் பதில் கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் என்று கொடுத்தால் போதுமா? அம்மாவைத் திட்டாமல் பதில் சொன்னால் நல்லது.

*

குற்றாலச்சாரல்:

தம்பி, எதற்கு இவ்வளவு யோசனை? மஞ்சள், மிளகு, சீந்தில் எல்லாம் நம் பாட்டிமார் அடுப்படியில் வைத்திருந்தவை. இயற்கைப் பொருளுக்குப் பக்கவிளைவு கிடையாது. நான் சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் மூலிகைப் பொடி வாங்கி வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறேன், தலைவலி என்று படுத்ததில்லை. விலைதான் அதிகம், அதை மதினியிடம் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

*

பாளை லேப்காரர்:

தம்பி, முதலில் அப்பாவின் கையிலிருந்து அந்த டப்பாவை வாங்கி வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

காரணம் பீட்டா கரோட்டின். காரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும்போது அது நல்ல பிள்ளைதான். அதை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாகப் புகைபிடிப்பவர்களுக்குக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பி ஃபின்லாந்தில் 29,133 ஆண்களை வைத்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். எல்லோரும் புகைபிடிப்பவர்கள். நாளைக்கு 20 மி.கி. 1994 இல் முடிவு வந்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதேபோல ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் புற்றுநோய் 28 சதவீதம் கூடுவதைப் பார்த்து, குறித்த காலத்துக்கு முன்பே 1996 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் டப்பாவில் 10 மி.கி., நாளைக்கு இரண்டு. கணக்கு ஃபின்லாந்துக்காரர்களுக்குக் கொடுத்த அதே 20. அப்பாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

இனி என் கதை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் சோதனைச்சாலையில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஆராய்ச்சி மாணவர்கள் பொதிகை அடிவாரத்தில் ஓர் இலையை விட்டுவைக்கவில்லை. பறித்து வந்து நிழலில் உலர்த்தி, இடித்து, ஆல்கஹாலில் கொதிக்கவைத்துச் சாறு இறக்கி, வற்றவைத்தால் குடுவையின் அடியில் கரும்பச்சையாகத் தார் போல ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடைபோட்டு எலிக்கு வாய்வழியாகக் கொடுப்போம், வழக்கமாக ஒரு வாரம். பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு என்ற கல்லீரல் நஞ்சை எண்ணெயில் கலந்து ஊசி. இன்னொரு கூட்டம் எலிகளுக்குச் சாறு கிடையாது, நஞ்சு மட்டும்.

எலியை அறுத்துப் பார்ப்பது என் வேலை. நல்ல எலியின் கல்லீரல் செங்கருப்பாக, மினுமினுவென்று, கத்தி படும்போது இறுக்கமாக இருக்கும். நஞ்சு மட்டும் வாங்கியதின் கல்லீரல் வெளிறி மஞ்சள் தட்டி வீங்கியிருக்கும், அறுத்தால் கத்தியில் பிசுக்கு ஒட்டும். சாறு கொடுத்த எலியின் கல்லீரல் இரண்டுக்கும் நடுவே. கல்லீரல் சேதப்பட்டால் இரத்தத்தில் கூடும் எஸ்ஜிபிடி என்ற நொதியின் அளவும் இறங்கியிருக்கும். கண்ணால் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், தாவரச் சத்து செல்லைக் காப்பாற்றும் என்பது கதை இல்லை. கரிசலாங்கண்ணியிலும் கீழாநெல்லியிலும் இதைக் காட்டிய ஆய்வுகள் ஏராளம்.

ஆனால் அந்த எலிக்கு நடந்தது என்ன என்று கேட்க வேண்டும். கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலுக்குள் போனதும் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் கூட்டம் அதை உடைக்கிறது. உடைந்த துண்டு ஒற்றை எலக்ட்ரானோடு அலைகிறது. அதுதான் ஃப்ரீ ராடிக்கல். அது செல் சவ்வின் கொழுப்பைத் தாக்கும், தாக்குண்ட கொழுப்பு அடுத்ததைத் தாக்கும், இப்படியே சங்கிலியாகப் போகும். இந்தச் சங்கிலியை அறுக்கும் பொருளுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடென்ட் என்று பெயர். உடைக்கிற நொதி இல்லாவிட்டால் நஞ்சு நஞ்சே ஆகாது. பல மூலிகைச் சாறுகள் இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. எலி பிழைத்துக்கொள்ளும், ஆராய்ச்சிக் கட்டுரையில் ‘ஆன்டிஆக்ஸிடென்ட் பாதுகாப்பு’ என்று தலைப்பு வரும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளில் பலவற்றையும் அதே நொதிக் கூட்டம்தான் கரைத்து வெளியேற்றுகிறது என்பதை மதினியின் வண்ண அட்டையில் போட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நாங்கள் கொடுத்தது நஞ்சுக்கு முன்னால். இத்தனை வருடம் தூளோடு இருந்துவிட்டுப் பிறகு விழுங்கும் மாத்திரைக்கு அந்த எலி சாட்சி சொல்லாது. அளவும் அப்படித்தான். எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்றால், மனிதருக்கு மாற்றும் வழக்கமான கணக்குப்படி 6.2 ஆல் வகுத்தாலும், 60 கிலோ ஆளுக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் கெட்டிச் சாறு தேவை. டப்பாவில் சீந்தில் 100 மி.கி. என்று போட்டிருப்பது பெயருக்கு.

‘நஞ்சைப் பிடித்து இழுக்கும்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். ராடிக்கல்களையும் நஞ்சையும் சமாளிக்க, செல்லுக்குள் குளூட்டதையோன் என்ற பொருளை உடம்பே தயாரித்து வைத்திருக்கிறது. அதன் அளவு 1 முதல் 10 மில்லிமோலார். நாம் சாப்பிடும் பாலிஃபீனால்கள் என்ற தாவர ஆன்டிஆக்ஸிடென்ட்கள் குடலிலும் கல்லீரலிலும் மாட்டி உருமாறி இரத்தத்துக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் 1 மைக்ரோமோலாரைத் தாண்டுவதில்லை. அதாவது குளூட்டதையோனில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. இந்தச் சொற்ப அளவு நேரடியாக நின்று ராடிக்கல்களோடு மல்லுக்கட்டும் என்பது நடக்காத காரியம். எந்தப் பழத்துக்கு ஆன்டிஆக்ஸிடென்ட் சக்தி எவ்வளவு என்று சோதனைக்குழாயில் அளந்து பட்டியல் போட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, அந்த எண்களை விளம்பரக்காரர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2012 இல் பட்டியலையே எடுத்துவிட்டது. மதினியின் அட்டையில் இருப்பது அந்த வகை எண்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

அப்படியானால் கீரை எப்படி வேலை செய்கிறது? இதுதான் எனக்குப் பிடித்த இடம். செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்று ஒரு புரதம். சாதாரண நாளில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்து, உருவாக உருவாக அழிக்க அனுப்பிக்கொண்டே இருக்கும். 1999 இல் ஜப்பானியர்கள் கண்டது இது. பூச்சி கடிக்காமலிருக்க செடி தனக்காகத் தயாரித்த காரமான, கசப்பான பொருள் கொஞ்சம் உள்ளே வந்தால் கீப்1 இல் போய் ஒட்டிக்கொள்ளும். பிடி தளர்ந்ததும் என்ஆர்எஃப்2 செல்லின் உட்கருவுக்குப் போய், குளூட்டதையோன் தயாரிக்கும் நொதி, நஞ்சோடு குளூட்டதையோனைக் கோத்து வெளியே அனுப்பும் நொதி என்று வரிசையாக மரபணுக்களை முடுக்கிவிடும். வாழைத்தோப்பில் சருகு மிதிபடும் சத்தத்துக்கே காவல்காரன் எழுந்து விளக்கைத் தூக்குவதைப் போலத்தான். சருகு யாரையும் பிடிப்பதில்லை. கீரையில் இருப்பது மிகச் சிறிய நஞ்சு, காப்பது உங்கள் அம்மாவின் கல்லீரல்.

இதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். சீனாவில் கிடோங் என்ற ஊர், காற்று மாசு அதிகம். 291 பேர், 12 வாரம், பாதிப் பேருக்குப் பிராக்கோலி முளைச்சாறு. குடித்தவர்களின் சிறுநீரில், மாசுக் காற்றில் வரும் பென்சீன் என்ற நஞ்சின் கழிவு 61 சதவீதம் கூடுதலாக வெளியேறியது. 2014 இல் வெளிவந்தது. பிராக்கோலிக்கு நாம் நயினார்குளம் மார்க்கெட்டில் போய்த் தேட வேண்டாம். அதே குடும்பத்துக் காரப்பொருள் முள்ளங்கியிலும் கடுகிலும் உண்டு. முருங்கைக்கீரையிலும் அதற்கு நெருங்கிய ஒன்று உண்டு, கசக்கும்போது இலைக்குள் இருக்கும் நொதி அதை விடுவிக்கிறது. கொதிநீரில் முழு இலையைப் போட்டால் நொதி முதலில் செத்துவிடும். ஆய்ந்து, கழுவி, கையால் நன்றாகக் கசக்கிக் கொஞ்ச நேரம் வைத்துப் பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். முருங்கையில் இது செல்களிலும் எலிகளிலும் பார்த்ததுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதகமில்லை, கீரை கீரையாகவாவது உள்ளே போகும். கூட்டாஞ்சோற்றுக்குக் கீரை கசக்கியா போடுவது என்று என் வீட்டுக்காரி முறைப்பார்.

டப்பாவில் மிச்சமிருப்பவை. குர்குமின் குடலில் அவ்வளவாக ஏறாது, அதனால் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பெங்களூரில் 1998 இல் செய்த ஆய்வில் 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது குர்குமின் இரத்தத்தில் 20 மடங்கு ஏறியது. எல்லோரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஏறியதற்குக் காரணம், வெளிப்பொருள்களைக் கழித்துக்கட்டும் நொதிகளைப் பைப்பரின் தடுத்ததுதான். நஞ்சை வெளியேற்ற என்று விற்கும் மாத்திரையில் வெளியேற்றும் வாசலை அடைக்கும் பொருள்! ப்ரொப்ரனலால் போன்ற பிரஷர் மாத்திரையின் அளவையும் பைப்பரின் இரத்தத்தில் கூட்டும். அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று சீட்டைப் பாருங்கள்.

கல்லீரலுக்கு நல்லது என்று விற்கும் மஞ்சள் சாற்று மாத்திரையாலேயே கல்லீரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022 இல் எழுதினார்கள். பத்துப் பேர், அவர்களில் ஏழு பேரிடம் ஒரே வகை மரபணு. பச்சைத் தேயிலைச் சாறும் அப்படித்தான், தேயிலையின் ஆன்டிஆக்ஸிடென்ட்களான கேட்டச்சின்களில் இஜிசிஜி என்பது நாளைக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் போனால் இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 இல் சொன்னது. வெறும் வயிற்றில் கேட்டச்சின் இரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021 இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சண்டை எப்படியும் போகட்டும், உங்கள் அம்மா அதற்கு நடுவில் நிற்க வேண்டியதில்லை.

சாரல் அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. நிகோட்டினும் இலையில் விளைந்த இயற்கைப் பொருள்தான், அண்ணாச்சி.

*

மூலிகைத் திண்ணை:

லேப்காரர் அண்ணாச்சி சீந்தில் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டார், ஆனாலும் பெரும்பகுதிக்கு நான் உடன்படுகிறேன். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள், இப்போது தென்காசிப் பக்கம் வைத்தியம் பார்க்கிறேன்.

அந்த டப்பாவைச் சித்த மருந்து என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. நாங்கள் நாடி பார்த்து, ஆளைப் பார்த்து, அனுபானம் (மருந்தோடு சேர்த்துச் சாப்பிட வேண்டியது) சொல்லி, நாள் கணக்கு வைத்துக் கொடுப்போம். ஐந்து சரக்கை ஒரு மாத்திரைக்குள் அடைத்து ஊருக்கெல்லாம் ஒரே அளவில் விற்பது வியாபாரம்.

கீழாநெல்லி பற்றி ஒன்று. சென்னையில் மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வு 1988 இல் லான்செட் இதழில் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது என்றார்கள். எங்களுக்கெல்லாம் தலை நிமிர்ந்தது. பிறகு வேறு நாடுகளில் செய்தவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் என் தொழிலுக்கு நேர்மை. செடியிலும் குழப்பம் உண்டு. கடையில் கீழாநெல்லி என்று கட்டித் தருவதில் மேலாநெல்லியும் வேறு இனங்களும் கலந்திருக்கும். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்குகிறதா என்று பச்சையாக இருக்கும்போது பார்த்துப் பறித்தால்தான் நிச்சயம்.

கரிசலாங்கண்ணியைக் கீரையாகச் சமைத்துத் தாராளமாகக் கொடுக்கலாம், தம்பி. வாரம் இரண்டு நாள், பாசிப்பருப்பு சேர்த்து. வாய்க்கால் ஓரத்தில் மண்டிக் கிடப்பதைப் பறிக்காதீர்கள். மருந்து அடித்த வயலின் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வடிகிறது. தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, களைப்பு என்கிறீர்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா? எனக்கென்னவோ நஞ்சைவிட இரத்தசோகைதான் முதலில் தோன்றுகிறது. மூச்சு வாங்குவதால் நெஞ்சையும் காட்டிவிடுங்கள்.

*

சேரன்மாதேவி வாழை:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்ததும் எலுமிச்சைச் சாற்றில் கருப்பட்டி கரைத்துக் குடிப்பது எங்கள் பக்கம் வழக்கம், விஷம் முறிந்துவிடும் என்பார்கள். எலுமிச்சையிலும் ஆன்டிஆக்ஸிடென்ட் இருக்கிறதே, லேப்காரர் அண்ணாச்சி, அது வேலை செய்யுமா?

*

பாளை லேப்காரர்:

தாகத்துக்குக் குடியுங்கள், நானும் குடிப்பேன். விஷமுறிவு என்று நம்பிக் குடித்துவிட்டுத் திண்ணையில் சாயாதீர்கள்.

நஞ்சு எல்லாம் ஒரே வழியில் கொல்வதில்லை. நீங்கள் அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை நரம்புகளுக்கிடையே வேலை செய்யும் கோலின்எஸ்டரேஸ் நொதியைப் பூட்டிவிடும். கண்பாவை சுருங்கும், எச்சில் ஊறி வழியும், வேர்க்கும், வயிற்றைக் கலக்கும், மூச்சுக்குழாயில் நீர் கட்டும். அதற்கு மருந்து ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடும் அட்ரோபின். எலுமிச்சைக்கும் அந்தப் பூட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தோல் வழியாகவே ஏறும் நஞ்சு என்பதால் சட்டையைக் கழற்றிப் போட்டு, சோப்புப் போட்டுக் குளிப்பதுதான் முதல் வேலை. கைலியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து குளிப்பதெல்லாம் வேண்டாம்.

களைக்கொல்லியான பாராகுவாட் இன்னொரு கதை. ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அதாவது ராடிக்கல்களால் செல் சேதப்படுவது, என்று பாடப்புத்தகத்தில் போட வேண்டுமானால் இதைத்தான் போட வேண்டும். செல்லிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கி ஆக்ஸிஜனிடம் கொடுத்து சூப்பர்ஆக்ஸைடு என்ற ராடிக்கலாக ஆக்கிவிட்டு, தான் பழையபடி ஆகி மறுபடி வாங்க வரும். ஒரு மூலக்கூறே திரும்பத் திரும்ப இதைச் செய்துகொண்டிருக்கும். குளூட்டதையோனைப் புதுப்பிக்கத் தேவையான சேமிப்பும் இதிலேயே கரைந்துபோகும். நுரையீரல் செல்கள் வேறு ஏதோ சத்து என்று ஏமாந்து அதை உள்ளே இழுத்துச் சேர்த்து வைக்கும். மூச்சு திணறுகிறதே என்று ஆக்ஸிஜனை அதிகம் கொடுத்தால் கேடு கூடும். இத்தனை தெளிவாகத் தெரிந்த நஞ்சுக்கு வைட்டமின் சி, வைட்டமின் ஈ என்று கொடுத்துப் பார்த்தார்கள். விழுங்கியவர்களைக் காப்பாற்றும் என்று நிரூபணமான முறிவு இன்றுவரை இல்லை. ஆன்டிஆக்ஸிடென்ட் எல்லா நஞ்சையும் முறிக்கும் என்பவர்களிடம் நான் கேட்பது, அப்படியானால் பாராகுவாட்டை முதலில் முறித்துக் காட்டுங்கள் என்பதுதான்.

ஜெயித்த இடமும் இருக்கிறது. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கினால் கல்லீரல் அதை ஒரு முரட்டுப் பொருளாக மாற்றுகிறது, குளூட்டதையோன் தீரும்வரை அதைக் கட்டிவைக்கும், தீர்ந்ததும் செல்கள் சாகும். 1970களில் எடின்பரோ மருத்துவர்கள் என்-அசிட்டைல்சிஸ்டீனைக் கொடுத்தார்கள். குளூட்டதையோன் தயாரிக்க வேண்டிய கச்சாப்பொருள் அது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பிழைப்பது ஏறக்குறைய உறுதி. விஷக்காளானுக்கு ஐரோப்பாவில் ஒரு முட்செடியின் சிலிபினினை ஊசியாகப் போடுகிறார்கள். அது செய்வதில் முக்கியமானது, காளான் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசலை மறிப்பது. எங்கள் எலிகளுக்கு ஒப்பீட்டுக்காகக் கொடுத்த சிலிமரினும் அந்தச் செடியின் சரக்குதான். எது, எந்த நஞ்சுக்கு, எந்த இடத்தில், எத்தனை மணிக்குள் என்று பதில் சொல்ல முடிந்தால் அது மருந்து.

*

முக்கூடல் அக்கா:

நானும் பீடி சுற்றுகிறவள்தான். பெரிய பெரிய வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் உள்ளே போன நஞ்சைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், உள்ளே போகாமல் பார்க்கும் வழியை ஒருவரும் சொல்லவில்லையே.

தூள் அதிகம் பறப்பது சுற்றும்போது இல்லை, தம்பி. கடையிலிருந்து வாங்கி வந்ததும் சல்லடையில் சலித்துச் சுளவில் புடைக்கிறோமே, அப்போதுதான். அதை வீட்டுக்குள் செய்யக் கூடாது. முற்றத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முந்தானையை ஈரமாக்கி மூக்கில் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். பச்சைப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. இலையை நனைத்து வெட்டுவதால் கை எப்போதும் ஈரமாகவே இருக்கும், ஈரக்கையில் தூள் நன்றாக ஒட்டும். உறை போட்டுக்கொண்டு சுற்றலாமே என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஒரு நாள் சுற்றிப் பார்க்கட்டும். விரல் நுனிக்கு இலையின் மடிப்பு தெரியாவிட்டால் பீடி தளர்ந்துபோகும், கடையில் கணக்குப்பிள்ளை கழித்துத் தள்ளிவிடுவார், கூலியும் போகும். அதனால் சாப்பிடும் முன், வெற்றிலை போடும் முன், பிள்ளையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலைச் சேலையோடு படுக்கக் கூடாது. தூள் மூட்டையை அடுப்படியிலோ படுக்கிற அறையிலோ வைக்கக் கூடாது. இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மூடி போட்ட தகர டின் ஒன்று வாங்குங்கள், 2,400 ரூபாய் ஆகாது.

எங்கள் ஊரில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசின் ஆஸ்பத்திரி இருக்கிறது. அம்மாவின் பீடி அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கூட்டி வாருங்கள்.

*

பாளை லேப்காரர்:

முக்கூடல் அக்கா சொன்னதைத் திரியின் தலைப்பிலேயே போட வேண்டும். நிகோட்டின் ஈரத்தோல் வழியாக ஏறும். கல்லீரல் அதைக் கோட்டினினாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். நிகோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும், கோட்டினின் முக்கால் நாளில் பாதியாகும். வருடக்கணக்காக இரத்தத்தில் சேர்ந்து கிடக்கிறது என்று மதினி சொன்னது இந்தக் கணக்குக்கு நிற்காது. புகையிலையில் உள்ள, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமீன்கள் டிஎன்ஏவில் செய்யும் சேதம் வேறு, அது தங்கக்கூடியது, மாத்திரையால் திரும்பாது. அதனால்தான் இன்றைக்கு ஏறுகிற தூளைக் குறைப்பதுதான் பெரிய வைத்தியம்.

*

ஆலங்குளத்தான்:

எல்லோருக்கும் நன்றி. மதினியிடம் பேசினேன். இதற்கிடையில் அம்மா வாங்கி வைத்திருந்த, உடைக்காத இரண்டாவது டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார், திறந்ததற்கு மீதிப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரும் ஏமாந்த ஆள்தான், முன்பணம் கட்டியிருக்கிறார். அப்பாவுக்கு ஃபின்லாந்துக் கதையைச் சொன்னேன். மாத்திரையை விட்டுவிட்டார், பீடியை விடவில்லை.

அம்மாவை முக்கூடலுக்குக் கூட்டிப் போனோம். நெஞ்சைச் சோதித்து, எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஹீமோகுளோபின் 8.6, இரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். திண்ணை அக்காவுக்குத் தனியாக நன்றி. தகர டின்னும் வாங்கியாயிற்று. ஒரே ஒரு சந்தேகம்: அம்மாவுக்குச் சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ வேண்டும், அது இல்லாவிட்டால் வேலை ஓடாது. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கலாமா? நெல்லிக்காய்?

*

மூலிகைத் திண்ணை:

டீயோடு வேண்டாம். டீயில் இருக்கும் டானின் இரும்பைக் கட்டிப்போட்டுக் குடலில் ஏறவிடாது. டீக்குப் பெருமையாகச் சொல்லும் அதே ஆன்டிஆக்ஸிடென்ட் குடும்பம்தான் அது, லேப்காரர் அண்ணாச்சி சிரிப்பார். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். மாத்திரை விழுங்கும் நேரத்தில் பெரிய நெல்லிக்காய் ஒன்றைக் கடித்துச் சாப்பிட்டால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை ஏற்றிவிடும். தேனில் ஊறியது வேண்டாம், சர்க்கரை இருக்கிறதே. மலம் கறுத்துப் போகும், இரும்பு மாத்திரைக்கு அது வழக்கம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் நஞ்சு வெளியேறுகிறது என்று யாராவது வந்து இன்னொரு டப்பாவை விற்றுவிடுவார்கள்.